சுருதி இறக்கும் பட்டன்

எங்கள் கீபோர்டுக்கு என் மூத்த மகனைவிட வயது அதிகம். சிங்கப்பூரிலிருந்து வந்த யாரோ ராமநாதபுரத்தில் தள்ளிவிட்டுப் போனதை என் வீட்டுக்காரர் வாங்கி வந்தார். நூறு சத்தம் இருக்கிறது என்று பீற்றிக்கொள்வார். வயலின் என்று போட்டிருக்கும், அழுத்தினால் கொசு கத்தும். புல்லாங்குழல் மட்டும் காது கொடுத்துக் கேட்கலாம். அம்மன் பாட்டுக்கு அதிலுள்ள ஏதோ வெள்ளைக்காரத் தாளத்தை வேகமாக ஓடவிட்டுச் சமாளிப்போம். அவர் வாசிக்க, நான் பாட, தாளத்துக்கு ரிதம் பேடு அடிக்க ஒருத்தர். இவ்வளவுதான் எங்கள் கச்சேரி.

எனக்குத் தைராய்டு ஆபரேஷன் ஆனது. குரல் இறங்கிவிடலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். பாட்டில்லாமல் எனக்கு என்ன இருக்கிறது? மாதக்கணக்கில் வாயைத் திறக்கவே பயந்தேன். பிறகு ஒருநாள் அவர் வாசிக்க, பாடிப் பார்த்தேன். உச்சத்துக்குப் போகும் மேல்வரி பழையபடி எட்டியது. அவர் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், எப்போதும் வைக்கும் அதே கட்டைகள். குரல் திரும்பிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன், வெட்கங்கெட்டவள்.

கீபோர்டில் நம்பர் காட்டும் சின்னக் கண்ணாடிமேல் அவர் கறுப்பு டேப் ஒட்டியிருந்தார். கேட்டதற்கு, "வெளிச்சம் கண்ணக் கூசுது" என்றார். நம்பினேன்.

போன மாசியில் திருவாடானைப் பக்கம் ஒரு கோயில் கச்சேரி. பாட்டின் நடுவில் கரண்ட் போனது. கீபோர்டில் பேட்டரி போடும் இடத்தை உப்புக்காற்று எப்போதோ தின்றுவிட்டது. கரண்ட் போனால் மாற்றி வைத்ததெல்லாம் அழிந்து, புதிதாக வாங்கிய நாளில் இருந்தபடி ஆகிவிடும். ஜெனரேட்டர் ஓடியதும் கமிட்டிக்காரர், "சட்டுனு ஆரம்பிங்கப்பா, சாமி கெளம்பப் போகுது" என்று விரட்டினார். இவர் வாசித்தார். நான் எடுத்தேன்.

மேல்வரியில் குரல் கிழிந்து காற்று மட்டும் வந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இவர் பதறிப்போய் டேப்பைப் பிய்த்துவிட்டு ஒரு பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தார். சிவப்பில் நம்பர் மாறிக்கொண்டே போனது. அதை அழுத்தினால் விரல் அதே கட்டையில் இருக்கும், சுருதி மட்டும் கீழே இறங்கும். அடப்பாவி மனுசா! அப்படியானால் என் குரல் திரும்பவே இல்லை.

மறுநாள் காலையில், "எத்தன எறக்குனீங்க?" என்று கேட்டேன்.

"மொதல்ல ரெண்டு. பெறகு ஒன்னொன்னா. இப்ப ஆறு."

"இன்னும் ஒன்னு எறக்குங்க. பாடிருவேன்."

"ஆறுக்குக் கீழ இதுல போகாதும்மா."

பட்டனில்லாமல் வேறு சுருதியில் வாசிக்க அவருக்கு வராது. ஆறிலேயே வைக்கச் சொல்லிப் பாடினேன். பாதி வரியில் தொண்டை நின்றுவிட்டது. அவர் என் முகத்தைப் பார்க்காமல் சுவிட்சை அணைத்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தச் சனியனைத் தூக்கித் தெருவில் எறிந்திருப்பேன்.

"அடுத்து வர்ற தொண்டிக் கச்சேரிக்குப் பாட வேற பிள்ளையப் பாத்துக்கங்க" என்றேன்.

"பாத்துட்டேன்" என்றார்.

"நேத்து ராத்திரியேவா?"

"போன வாரமே சொல்லி வச்சிட்டேன்."

அந்தப் பெண் யாரென்று நான் கேட்கவில்லை.