சுவருக்கு அந்தப்பக்கத்து ஆர்மோனியம்

சிவாஜிநகர் பழைய சாமான் கடையில் இன்று ஓர் ஆர்மோனியத்தின் தோல் துருத்தி வாசனை மூக்கில் ஏறியதுமே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. யுத்த காலத்தில், ஆஸ்டின் டவுனில் இப்போது இல்லாத எங்கள் வரிசை வீட்டில், ஒற்றைச் செங்கல் சுவருக்கு அந்தப்பக்கம் குடியிருந்த குமாஸ்தா சாமுவேல் என் அத்தையை நினைத்துத் தினமும் பாடிய அதே பிரிவுப் பாட்டையும், கூடவே நாய்போல ஊளையிட்ட, அமுங்கியே கிடந்த ஆர்மோனியக் கட்டையையும் கேட்டுக்கொண்டேதான் நாங்கள் சாப்பிட்டோம், வாய்ப்பாடு படித்தோம், ஜெபம் சொன்னோம்.

"அவனுக்கே உங்க தங்கச்சியைக் கட்டிக் குடுத்துத் தொலைங்க, அப்பவாச்சும் இந்தச் சத்தம் நிக்கும்," என்றாள் அம்மா அப்பாவிடம்.

கல்யாணமானதும், சாமுவேல் ஆர்மோனியத்தோடு எங்கள் வீட்டுக்கே வீட்டோடு மாப்பிள்ளையாக வந்துவிட்டார். அத்தை முதல்முறை முகத்தைத் திருப்பிக்கொண்ட அன்றுதான் தெரிந்தது: பிரிவுக்கு அவரிடம் ஒரே பாட்டுத்தான், ஊடலுக்குப் பத்து வைத்திருந்தார்.