காகம் தொடாத சோறு

ஸ்ரெல்லாவின் அறையில் லைற் போட்டால் நாடகம் முடிந்தது என்று அர்த்தம். அதை வருகிற எல்லாருக்கும் முதலே சொல்லிவிடுவாள். உடுப்போடு கதிரையில் இருத்தி, பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்து, "என்ன வேணுமெண்டு இப்பவே வாயைத் திறந்து சொல்லுங்கோ. இடையில புதுக்கதை எடுக்கக் கூடாது" என்பாள். ஆம்பிளைகளுக்கு அதுதான் பெரும்பாடு. செய்யக் கூச்சமில்லை, சொல்லத்தான் கூச்சம். ஒருத்தன் நிலத்தைப் பார்ப்பான், இன்னொருத்தன் தேத்தண்ணிக் கோப்பைக்குள் எதையோ தேடுவான். மனதுக்குள் பூட்டி வைத்திருக்கிற ஆசையை அவர்கள் சொல்லாமலே அவள் அறிந்துகொள்ள வேண்டுமாம். அவளென்ன சாத்திரக்காரியா?

உப்புக்குளத்துப் பக்கம் வாடகை வீடு. முன்னறையில் தையல் மெசின். கையில் துணிப்பார்சலோடு யார் படலையைத் திறந்தாலும் அயலுக்குக் கேள்வியில்லை. கேள்வியில்லை என்றால் தெரியாது என்று இல்லை. ஊர் அவளுக்கு வைத்திருக்கிற பெயர்களைக் கேட்டால் காது கூசும். விழிப்புணர்வுக் கூட்டம் வைக்கிற தொண்டு நிறுவனத்துப் பிள்ளைகள் மட்டும் "பாலியல் தொழிலாளி" என்று மெல்லமாக, நொந்துவிடக்கூடாதே என்பதுபோலச் சொல்வார்கள். அவள் "என்ர வேலை" என்பாள். அதோடு கதை முடிந்தது.

அந்த வேலையில் அவள் எத்தனையோ வேஷம் போட்டிருக்கிறாள். ஒருத்தனுக்குக் கனடாவிலிருந்து வந்த பணக்காரி, ஒருத்தனுக்கு அதட்டி உருட்டுகிற கந்தோர் மேலதிகாரி. போடாத வேஷமும் உண்டு. கன்னியாஸ்திரி மாட்டாள். ஒருத்தன் சோதனைச் சாவடியும் ஆமிக்காரனும் என்று தொடங்கியபோது தேத்தண்ணியைக் குடிக்கவும் விடாமல் எழுப்பித் துரத்தினாள். "சும்மா விளையாட்டுத்தானே" என்று அவன் வாசலில் நின்று புறுபுறுத்தான். விளையாட்டாம். அந்தச் சாவடிகளுக்குள்ளால் பிள்ளைத்தாச்சியாக நடந்து போனவள் அவள்.

நறுவிலிக்குளம் பாலசிங்கத்தார் அப்படிப்பட்ட ஆள் இல்லை. வயல்காரர், பெண்சாதி செத்தவர். உரம், நட்டஈடு என்று ஏதாவது அலுவலாக மன்னாருக்கு வந்தால் பின்னேர பஸ்ஸுக்கு முன் அவளிடம் வந்துபோவார். குடிவெறி இல்லை, கெட்ட பேச்சு இல்லை. முதல் நாளே பார்சலைப் பிரித்து ஒரு நாவல்நிறச் சேலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இது மனோன்மணியின்ர. இதைக் கட்டிக்கொண்டு என்னை ஏசவேணும்" என்றார்.

அவள் கட்டினாள். "இஞ்சாருங்கோ, ஏன் இவ்வளவு சுணக்கம்? சேத்துக் காலோட உள்ளுக்கு வராதேங்கோ" என்று வாய்க்கு வந்தபடி ஏசினாள். மனுசன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். முக்கால்வாசி நாட்கள் அதற்குமேல் அவருக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. இப்படி ஒரு நல்ல ஆள் அமைந்ததே என்று ஸ்ரெல்லா உள்ளுக்குள் சந்தோசப்பட்டாள். அந்தச் சந்தோசத்தில்தான் மண் விழுந்தது.

ஒருநாள், இருட்டறைக்குள், ஏச்சு முடிந்தபிறகு அவர் கேட்டார்: "மனோன்மணி, என்னை மன்னிச்சிட்டன் எண்டு ஒருக்காச் சொல்லு."

அவள் எட்டி லைற்றைப் போட்டாள். "என்னத்துக்கு மன்னிப்பு ஐயா?"

சொன்னார். குழம்பில் உப்புக் கூடிப்போச்சு என்று மனுசியின் சாப்பாட்டுக் கோப்பையைக் காலால் தட்டிவிட்டாராம். அது அந்த வீட்டில் புதிதில்லையாம். மனோன்மணி சிந்தின சோற்றைக் கூட்டி அள்ளிவிட்டு, சாப்பிடாமலே போய்ப் படுத்தாவாம். விடிய எழும்பவில்லை. நெஞ்சுவருத்தம் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்களாம்.

"அதை மட்டும் என்னட்டைக் கேக்காதேங்கோ" என்றாள் ஸ்ரெல்லா.

"வெறும் வாய்ச்சொல்லுத்தானே. மற்றதெல்லாம் சொல்லுறீர், செய்யிறீர். இதுக்கு மட்டும் என்ன?"

அங்கேதான் அவளுக்குப் பத்திக்கொண்டு வந்தது. உடம்பைத் தொடாதே என்றால் விளங்குகிறது, காசைக் குறையாதே என்றால் விளங்குகிறது, இந்தச் சொல்லை என் வாயில் போடாதே என்றால் மட்டும் ஒரு ஆம்பிளைக்கும் விளங்கமாட்டேன் என்கிறது. உடம்பு அவளுடையது, அதை அவள் கொடுக்கலாம். மனோன்மணியின் மன்னிப்பு மனோன்மணியுடையது. அடுத்தவளின் பொருளை எடுத்துக் கொடுக்க இவள் யார்?

இன்னொன்றும் இருந்தது. அதை அவருக்குச் சொல்ல அவளுக்கு விருப்பமில்லை. அவளுடைய புருசன் ஜஸ்ரின் அடித்து அவளுடைய கை ஒருமுறை முறிந்தது. அவன் கடலில் செத்து, சவப்பெட்டி வீட்டுக்குள் இருந்தபோது சொந்தக்காரப் பெண்கள் சுற்றிவர நின்று, "மன்னிச்சிட்டன் எண்டு சொல்லு, அவன் நிம்மதியாய்ப் போகட்டும்" என்று நெருக்கினார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் திறக்கவில்லை. பாலசிங்கத்தாருக்கு அந்தச் சொல்லைச் சொன்னால் ஜஸ்ரினுக்கும் சொன்ன மாதிரித்தான். எத்தனை வேஷம் போட்டாலும் அவளுக்கென்று மிச்சம் இருந்தது அந்தச் சொல்லாத சொல் ஒன்றுதான்.

அவரோ விடவில்லை. வருகிற நேரமெல்லாம் கெஞ்சல். லைற்றைப் போட்டுப் போட்டு அவளுக்குக் கை உளைந்தது. இனி வரவேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. அது அவளுடைய பிழைதான்.

தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் பின்னேரம்போல மனுசன் வந்து நின்றார். வெள்ளி வேலையில்லை என்பது அவருக்கு நல்லாகத் தெரியும். ஸ்ரெல்லா ஒருசந்தி, நாளுக்கு ஒருநேரச் சாப்பாடுதான், விடியத் தொடக்கம் தண்ணியைத் தவிர ஒன்றும் வாயில் படவில்லை. பொழுதுபடச் சிலுவைப்பாதைக்குப் போக வெள்ளைச் சட்டையை அயன்பெட்டியால் மினுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒண்டும் வேண்டாம் ஸ்ரெல்லா. மன்னிப்பும் கேக்கேல்லை" என்றார். "சேலையைக் கட்டிக்கொண்டு இதைச் சாப்பிடும். நான் பாத்துக்கொண்டிருந்திட்டுப் போறன்."

வாழையிலைப் பொதி. சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், வடை. மீன், இறைச்சி என்று மச்சம் ஒரு துண்டும் இல்லை. தன் ஒருசந்தியை நினைத்துத்தான் மனுசன் மரக்கறியாகக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்று அவள் நினைத்தாள். பாருங்கோ, பசி எதிரில் நிற்கிற மனுசரை எவ்வளவு நல்லவராக்கிவிடுகிறது என்று. சேலையைச் சுற்றிக்கொண்டு சம்மணம் கட்டி இருந்து, சிலுவை போட்டு, குழைத்துச் சாப்பிட்டாள். ஆறின சோறுதான். ஆனாலும் வடைத் துகளைக்கூட விடவில்லை.

நிமிர்ந்து பார்த்தால் பாலசிங்கத்தார் அழுகிறார். தேம்பித் தேம்பி, வாயெல்லாம் சிரிப்போடு அழுகிறார்.

"சாப்பிட்டிட்டாய் மனோன்மணி. எனக்கு இது போதும்."

"என்ன ஐயா இது?"

"இண்டைக்கு அவளின்ர திவசம். படைச்சிட்டுக் காகத்துக்கு வைச்சனான். ஒரு காகம் வரேல்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போச்சு. வேலியில இருந்த ஒண்டும் பாத்திட்டுப் பறந்திட்டுது. போன வருசமும் அப்பிடித்தான். அவள் கோவத்தில இருக்கிறாள் எண்டு ஊர்ச்சனம் குசுகுசுக்குது. அந்த இலையை அப்பிடியே கட்டிக்கொண்டு பஸ் ஏறினனான்." கண்ணைத் துடைத்தார். "இப்ப சாப்பிட்டிட்டாள். மன்னிச்சிட்டாள்."

ஸ்ரெல்லாவுக்கு அப்போதுதான் விளங்கியது. வாயால் தரமாட்டேன் என்றதை வயிற்றால் எடுத்துவிட்டார். கேட்கவில்லை, சொல்லவில்லை. அதுவும் காகம் தொடாத சோறு. யன்னலுக்கு வெளியே கழுதை ஒன்று மதிலோடு உராய்ந்துகொண்டு நின்றது. அதைத் துரத்துகிற சாட்டில் உரத்துக் கத்திவிடலாமா என்றிருந்தது. கத்தவில்லை. கத்தினால் அயல் வரும்.

எழும்பிப் போய் லைற்றைப் போட்டாள். பட்டப்பகலில், யன்னலும் திறந்து கிடக்க, பல்பு எரிந்தது.

"ஏன் போட்டனீர்? நாடகம் ஒண்டும் இல்லையே" என்றார் அவர்.

"இருந்தது. எனக்குச் சொல்லாமல் நடத்தினனீங்கள்."

"ஸ்ரெல்லா, உமக்கு இதில என்ன நட்டம்? பசிக்குச் சாப்பிட்டனீர்."

அவள் சேலையைக் கழற்றினாள். உள்ளே அவளுடைய வீட்டுச் சட்டை இருந்தது. சேலையை நாலாக மடித்து அவருடைய மடியில் வைத்து, வெறும் இலையைச் சுருட்டி அதற்குமேல் வைத்தாள்.

"ஓம் ஐயா, பசிக்குத்தான் சாப்பிட்டனான். ஒருசந்தி இருந்த ஸ்ரெல்லா சாப்பிட்டவள்" என்றாள். "உங்கட மனுசி இன்னும் சாப்பிடேல்லை."

பாலசிங்கத்தாரின் முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. எரிகிற பல்பைப் பார்த்தார், மடியிலிருந்த இலையைப் பார்த்தார், பிறகு எழும்பிப் படலையைத் திறந்துகொண்டு போனார். ஸ்ரெல்லா பின்பக்கம் போய் வாயைக் கொப்பளித்தாள். திரும்பவும் கொப்பளித்தாள். வெள்ளைச் சட்டை பாதி மினுக்கினபடியே மேசையில் கிடந்தது.