துப்பாக்கிக்குப் பதிலாக என்ன தருவீர்?

மக்களிடம் இருக்கும் துப்பாக்கிகளை அரசாங்கமே விலை கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டால் ஊரில் கொலைகள் குறையுமா என்று ஒரு பத்திரிகையில் கட்டுரை எழுதினேன். நிஜத் துப்பாக்கியை நான் தொட்டதுகூட இல்லை. தீபாவளித் துப்பாக்கியில் சுருள் கேப்பைப் போட்டு, அது வெடிக்காமல் கடைசியில் கல்லால் தட்டியதோடு என் ஆயுத அனுபவம் முடிந்துவிட்டது. ஆனால் தெரியாத விஷயத்தைப் பற்றி எழுதும்போதுதான் எனக்குத் தமிழ் தங்குதடை இல்லாமல் வரும்.

சில வெளிநாட்டு ஊர்களில் இதற்கென்று ஒரு நாள் வைக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் துப்பாக்கியைக் கொண்டுவந்து கொடுக்கலாம். ஏது, எப்படி என்று கேட்க மாட்டார்கள். பணமோ கடைக் கூப்பனோ கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இதை நான் குக்கர் எக்ஸ்சேஞ்ச் மேளாவோடு ஒப்பிட்டிருந்தேன். என் மனைவி அந்த மேளாவுக்கு எடுத்துப் போனது விசில் அடிக்காத, பிடி உடைந்த குக்கரை. விசில் அடிக்கும் குக்கரை யார் கொடுப்பார்கள்? கொள்ளைக்காரன் வரிசையில் நின்று டோக்கன் வாங்குவானா? பரணில் கிடக்கும் பழைய துப்பாக்கிதான் வந்து சேரும். "நல்லவர்களின் துரு மட்டும் அரசாங்கத்துக்குப் போகும்" என்று முடித்திருந்தேன். அந்தக் கடைசி வரியை நினைத்து நினைத்து நானே இரண்டு நாள் மகிழ்ந்தேன்.

எனக்குத் தெரிந்து அந்தக் கட்டுரையை முழுதாகப் படித்தவர் ஒருவர்தான். கல்கத்தா லேக் கார்டன்ஸில் எங்கள் வீட்டுக்கு நேர் மேல்மாடியில் இருக்கும் அண்ணாச்சி.

அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர். கிடர்பூர் துறைமுகத்தில் வேலைக்கு வந்தவர், கூட வேலை பார்த்த வங்காளிப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே தங்கிவிட்டார். நாங்கள் அண்ணாச்சி என்று கூப்பிடுவதைக் கேட்டு, அதுதான் பெயர் என்று நினைத்த பக்கத்து வீட்டார் மரியாதைக்கு, வங்காளியில் அண்ணன் என்று பொருள்படும் ஒரு 'தா'வையும் சேர்த்து அண்ணாச்சிதா ஆக்கிவிட்டார்கள். அவர் மனைவியை ஊர் வழக்கப்படி பௌதி, அதாவது அண்ணி, என்போம். பௌதியின் அப்பா வாத்து சுடுவதற்கு வைத்திருந்த இரட்டைக்குழல் துப்பாக்கி, அவர் காலத்துக்குப் பிறகு லைசென்ஸ் மாற்றி அண்ணாச்சியிடம் வந்தது. வரதட்சிணை வாங்காமல் கட்டிக்கொண்டேன் என்று சொல்லும்போது இதை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. அதைக் கொண்டு அவர் ஒரு காக்காயைக்கூட மிரட்டியதில்லை.

தேர்தல் வந்தால் மட்டும் அந்தத் துப்பாக்கிக்கு உயிர் வரும். லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் வாக்குப்பதிவுக்கு முன்னால் போலீஸிலோ, அனுமதி பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்துவிட்டு, முடிவுகள் வந்த பிறகு திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அண்ணாச்சி தர்மதலா பக்கம் ஒரு பழைய கடையில் கொடுத்து வைப்பார். பௌதி தைத்த துணி உறைக்குள் அதைப் போட்டு டாக்ஸியில் எடுத்துப்போவோம். துணைக்கு நான். கல்கத்தாவில் நீளமாக உறை போட்டு எதைத் தூக்கிப் போனாலும் இசைக்கருவி என்று வழிவிடுவார்கள். ஒரு டிரைவர், எந்த சபாவில் கச்சேரி என்று என்னையே கேட்டார்.

பௌதி போன குளிர்காலத்தில் இறந்துபோனார். அதற்கடுத்து வந்தது சட்டசபைத் தேர்தல். வழக்கம்போலப் போய்க் கொடுத்துவிட்டு வந்தோம். போகும்போதும் வரும்போதும் அண்ணாச்சி ஒரு வார்த்தை பேசவில்லை. துக்கம் என்று விட்டுவிட்டேன்.

முடிவுகள் வந்த மறுநாள் அவர் பெண், என்னைச் சித்தப்பா முறை வைத்து 'காக்கூ' என்பவள், நியூ டவுனிலிருந்து போன் செய்தாள். ஐ.டி. வேலை, உயரத்தில் ஃப்ளாட். அப்பாவைத் தன்னோடு வந்து இருக்கச் சொல்லிப் பலமுறை கூப்பிட்டுவிட்டாள். 'பதினெட்டாவது மாடியில குடியிருக்க நான் என்ன புறாவா' என்று அவர் மறுத்துவிட்டார்.

"காக்கூ, எலெக்‌ஷன் ஷேஷ், முடிஞ்சாச்சு. பாபா இப்ப அதைத் திருப்பி எடுத்துட்டு வந்துடுவார் இல்ல?"

"அவரோடது தானேம்மா. வந்துதானே ஆகணும்."

"வரக்கூடாது காக்கூ. மா-வோட புடவை எல்லாம் கொடுத்துட்டார். பஜார் போறதில்ல, வெறும் முரி, பொரிதான் சாப்பிடறார். சமைக்கிற மாஷி நேத்து சொல்றா, இனிமே கேஸ் சிலிண்டர் புக் பண்ண வேண்டாம்னு பாபா சொல்லிட்டாராம். எதுக்கு வேண்டாம்? அந்த வீட்டுல பாபா தனியா... அதுவும் அங்க இருக்கவே கூடாது. காக்கூ, எனக்கு ரொம்ப பயமா இருக்கு." குரல் உடைந்தது. பிறகு, "நீங்க சொன்னா கேப்பார். உங்க ஆர்ட்டிகிள் எல்லாம் படிக்கிறார் இல்ல?" என்றாள்.

சிக்கலே அதுதான்.

மாலையில் மாடிக்குப் போனேன். அண்ணாச்சி ஒரு கிண்ணத்தில் வெறும் பொரியை வைத்துக்கொண்டு, டி.வி.யைச் சத்தம் இல்லாமல் ஓடவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"வாரும்வே எழுத்தாளரே. பொரி திங்கீரா?"

"வேண்டாம் அண்ணாச்சி. அந்தத் துப்பாக்கி..."

"நாளைக்கு எடுக்கணும். டாக்ஸி சொல்லியாச்சு. நீரும் வாரும்."

"எடுத்துத்தான் ஆகணுமா? அந்தக் கடையிலயே எழுதிக் கொடுத்துட்டா என்ன?"

"என்னத்துக்கு?"

"சமுதாயத்துக்கு நல்லது."

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "நீரு தானவே எழுதினீரு, கொடுக்கதால ஒரு பிரயோசனமும் கெடையாதுன்னு? குக்கரு, விசிலுன்னு பக்கம் பக்கமா?"

"எழுதினேன்."

"நான் என்ன கொள்ளைக்காரனா?"

"இல்லை."

"என் துப்பாக்கி போச்சுன்னா ஊர்ல எத்தன கொல கொறையும்? சொல்லும்."

"ஒண்ணும் குறையாது."

"பெறவு?"

எழுதியதை எழுதியவனே மறுக்க வேண்டியிருந்தால் எவ்வளவு சிரமம் என்பது அன்றுதான் தெரிந்தது. எதிராளி என்னைவிட என்னை நன்றாகப் படித்திருந்தார். "அது ஊருக்காகப் பொதுவா எழுதினது அண்ணாச்சி. ஒரு வீட்டை நினைச்சு எழுதலை" என்றேன். எனக்கே அது கேட்கச் சகிக்கவில்லை.

"பிள்ள போன் பண்ணாளாக்கும்."

"எந்தப் பிள்ளை?" என்று கேட்டேன். அவருக்கு இருப்பது ஒரே பெண்.

அவர் பொரிக் கிண்ணத்துப் பக்கம் கையை நீட்டினார். எனக்கு வாதம் எதுவும் மிச்சம் இல்லாமல் போயிற்று. "பயமா இருக்கு அண்ணாச்சி. அவளுக்கு மட்டும் இல்லை. எனக்கும்."

கிண்ணத்துக்குள் போன கை அங்கேயே நின்றது. 'அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லவே' என்று அவர் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. டி.வி.யில் யாரோ வெற்றி பெற்றவர் சத்தம் இல்லாமல் கையசைத்துக்கொண்டிருந்தார்.

"அது அவ அப்பா, எம் மாமனாரு சாமான்வே" என்றார் கடைசியில். "புடவ கட்டுகதுக்கு ஆளு இருந்துது, கொடுத்தேன். இத யாருக்குக் கொடுக்க?"

"கடைக்காரர் எடுத்துப்பார்."

"சும்மாவா? அந்த ஊர்கள்லல்லாம் கூப்பன் கொடுக்கான்னு எழுதினீருல்லா? நீரு என்ன தருவீரு?"

கேலியா நிஜமா என்று புரியவில்லை. நான் பேரத்தில் எப்போதும் தோற்பவன், ஆனாலும் துணிந்து ஆரம்பித்தேன். "தினமும் எங்க வீட்டுல சாப்பிடுங்க. சாம்பார், ரசம்..."

"உம்ம வீட்டு சாம்பாருக்கு ஒரு தீவாளித் துப்பாக்கி கூட தர முடியாது."

"அப்ப நீங்களே சொல்லுங்க."

கிண்ணத்தைக் கீழே வைத்தார். "ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம எங்கூட மீன் வாங்க வரணும்."

"நான் வெஜிடேரியன் அண்ணாச்சி."

"தெரியும்வே. அதனாலதான் கேக்கேன். மீன் தெரிஞ்சவன் வந்தா அவன்தான் வெரட்டுவான். இத்தன வருசமா அவ பாத்து வாங்குவா, நான் பையப் பிடிச்சிட்டு நிப்பேன். இப்ப தனியாப் போயி அங்க நிக்க முடியல. பையப் பிடிக்க ஒரு ஆளு வேணும். அம்புட்டுதான்."

என் மூக்கு சற்று முன்னதாகவே சுருங்கிவிட்டது. இருந்தாலும் சரி என்றேன்.

மறுநாள் டாக்ஸியில் தர்மதலா போனோம். கடைக்காரப் பெரியவர் துப்பாக்கியை எடுத்து மேஜைமேல் வைத்தார். இனி வேண்டாம், எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று அண்ணாச்சி சொன்னதும் அவருக்கு ஆச்சரியம். நான் என் பங்குக்கு, பழசு, துருப்பிடித்தது, வைத்திருந்து என்ன செய்வது என்று ஒத்து ஊதினேன்.

பெரியவர் குழலை மடக்கித் திறந்து வெளிச்சத்தில் காட்டினார். "துருவா? நல்லாப் பாருங்க அண்ணா" என்றார் வங்காளியில். பிறகு அண்ணாச்சியிடம், "ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் துருவோடதான் கொண்டு வருவீங்க, நான்தான் திட்டிக்கிட்டே துடைப்பேன். இந்தத் தடவை நீங்களே உள்ளே வரைக்கும் சுத்தம் பண்ணி, எண்ணெய் போட்டுக் கொண்டு வந்தீங்களே. இனி வேண்டாம்கிறவர் எதுக்கு அவ்வளவு பாடுபட்டீங்க?" என்றார். அவர் பாராட்டாகத்தான் சொன்னார்.

அண்ணாச்சி வாசலில் போகும் பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.  விசில் அடிக்கும் குக்கர் எங்கள் தலைக்கு நேர் மேலேயே இருந்திருக்கிறது. அவர் அதைத் துடைத்து எண்ணெய் போட்ட அந்தச் சமயத்தில் தேர்தல் வந்ததால், ஒப்படைக்க வேண்டும் என்று சட்டம் சொன்னதால், சட்டத்தை மீறியே பழக்கம் இல்லாத துறைமுகத்து மனுஷர் அதைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். எந்தத் தேர்தலையும் நான் அவ்வளவு நன்றியோடு நினைத்ததில்லை.

அண்ணாச்சி கையெழுத்துப் போட்டார். திரும்பும்போது காலியான துணி உறையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். அதைப் பற்றி அன்றும் நாங்கள் பேசவில்லை, இன்றுவரை பேசவில்லை.

இந்தத் திட்டங்கள் வேலை செய்யுமா என்று இப்போது கேட்டால் ஊரைப் பற்றி எனக்கு இன்னும் தெரியாது. கொள்ளைக்காரர்கள் வரிசையில் நிற்க மாட்டார்கள் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் நல்லவர்களின் துப்பாக்கியால் யாருக்கும் ஆபத்தில்லை என்று நான் கணக்குப் போட்டபோது, அதை வைத்திருக்கும் நல்லவரையே கணக்கில் சேர்க்கவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை மூக்கில் கைக்குட்டையோடு பஜாருக்குப் போனேன். வாழ்நாள் முழுதும் பையைப் பிடித்தவர் அன்று முதல்முறையாக மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். பார்த்தாரே தவிர, எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியவில்லை. கடைசியில் பெரிதாக இருந்த ஒரு காத்லா மீனைக் காட்டினார்.

மீன்காரர் அரிவாள்மணைமேல் உட்கார்ந்தபடி சத்தம் போட்டார். "அண்ணாச்சிதா, பௌதி இருந்திருந்தா இந்த மீனால உங்க தலையிலேயே அடிச்சிருப்பாங்க. அதை வெச்சுட்டு இதை எடுங்க."

அண்ணாச்சி சிரித்தார். பிறகு கண்களைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் வெங்காயக்காரர் இருந்தார், அதனால் நான் ஒன்றும் கேட்கவில்லை. ஈரம் சொட்டும் பை என் கையில். வழியில் பார்த்த பக்கத்து ஃப்ளாட் அம்மாள், மீன் சாப்பிட ஆரம்பித்து நான் ஒருவழியாக மனிதனாகிவிட்டேன் என்று வாழ்த்தினாள்.

வீட்டுக்கு வந்து இரண்டு முறை குளித்து, மோர்சாதத்தில் கை வைக்கும்போது மேலேயிருந்து சத்தம் வந்தது.

"வே! மேல ஓடி வாரும்! கேஸ் தீந்து போச்சு! மீன் பாதி வேக்காட்டுல நிக்கி!"

எங்கள் வீட்டில் ஒரு சிலிண்டர் உபரியாக இருந்தது. அதில் மீன் பொரியப் போகிறது என்று மனைவி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "துப்பாக்கியைக் கொடுத்தார், சிலிண்டரை வாங்கிக்கிறார். மசமசன்னு நிக்காம தூக்கிட்டுப் போங்க" என்றாள்.

ஒவ்வொரு படியாக வைத்து வைத்துத் தூக்கிப் போனேன். அண்ணாச்சி சட்டைமேல் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, கையில் கரண்டியோடு வாசலில் நின்றார்.

"சீக்கிரம் வாரும்வே. எண்ண ஆறிப் போவுது" என்றார். பிறகு, நான் சிலிண்டரை உருட்டி உள்ளே தள்ளும்போது, "உம்ம போன்ல அப்படியே எனக்கு ஒண்ணு புக் பண்ணிப் போடும். இல்ல, ரெண்டாப் போடும்" என்றார்.