பின்னால் விட்ட இடம்

நம்பாதவர்கள் நம்பவேண்டாம். எங்கள் ஊர் மண்டி மொஹல்லா பேட்டையில், பட்டப்பகலில், என்னோடு இன்னும் இரண்டு பேர் பார்த்தது இது. அவர்களில் ஒருவர் இந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார். போகட்டும். நான் எழுதுகிறேன்.

1931. என் கணவர் ஊமைப்படங்களுக்குக் காமிரா பிடித்தவர். பெயர் நம்பி. கணவர் பெயரைச் சொல்லக்கூடாது என்பார்கள். எழுதிவிட்டேன்.

அன்று காலை நான் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். அவர் இரண்டு கை விரல்களையும் சட்டம்போல் சேர்த்துப் பிடித்து, அதன் வழியாக என்னைப் பார்த்தார்.

"என்னன்னா இது? காப்பி ஆறிப்போறது."

"அசையாதே. உன்னை ஓரத்துல நிறுத்தியிருக்கேன்."

"ஏன், நடுவுல நிக்க எனக்கு யோக்யதை இல்லையா?"

சிரித்தார். "முகத்துக்கு முன்னாடி இடம் விட்டா, நீ யாரையோ எதிர்பார்க்கறேன்னு அர்த்தம். முதுகுக்குப் பின்னாடி விட்டா... யாரோ உன்னைப் பார்க்கறான்னு அர்த்தம். வாய் திறந்து யாரும் சொல்லவேண்டாம். இடமே சொல்லிடும்."

காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். சாயங்காலம் படப்பிடிப்பு முடிந்து திரும்புகையில் ஜட்கா வண்டி கவிழ்ந்தது. உயிரோடு வீடு வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு செய்தி. அந்தப் படத்துக்குப் பணம் போட்டவர் கொள்ளேகால் பட்டு வியாபாரி சென்னப்பன். என் கணவர் கடைசியாக எடுத்த காட்சியை வெட்டி எரித்துவிட்டு, சித்தையன் என்ற வேறு காமிராக்காரரை வைத்து அவர் திரும்ப எடுக்கப்போகிறாராம்.

என்னவர் கண் கடைசியாகப் பார்த்த காட்சி. விடுவேனா?

"இந்தக் கோலத்தோட வாசப்படி தாண்டுவியோ?" என்றாள் மாமியார்.

"இந்தக் கோலத்தோடதான்" என்றேன். தாண்டினேன்.

மண்டியில் ஒரு தானியக் கிடங்கின் பின்கட்டு. ஜன்னல்களில் கறுப்புத் துணி. சுவரில் வெள்ளைத் துணி. சென்னப்பன் என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"கோவிச்சுக்காதீங்கம்மணி. புள்ள ஓரமா ஒண்டிக்கிட்டு இருக்குது, மிச்சமெல்லாம் வெறும் இருட்டு. காசு குடுத்துப் பாக்க வர்றவன் எம்பட வாயிலதான் மண்ணப் போடுவான்."

"ஒரு தடவை போடுங்கோ. பார்த்துட்டு உங்க முதுகு சில்லுன்னு ஆகலைன்னா, நானே நெருப்பு வைக்கறேன்."

என் பெஞ்சுக்குப் பின்னால் நின்று சித்தையன் படம் காட்டும் கருவியின் கைப்பிடியைச் சுற்றினார். கிர்ர்... கிர்ர்...

போருக்குப் போனவனின் மனைவியாக நடித்த கௌரம்மா தெரிந்தாள். பக்கவாட்டு முகம். வலது ஓரத்தில் நெருக்கி உட்கார்ந்து பூக் கட்டுகிறாள். அவள் முதுகுக்குப் பின்னால் நீளமாக இருட்டு. அவ்வளவுதான். ஆனால் சென்னப்பன் கௌரம்மாவைப் பார்க்கவில்லை. இருட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுருள் தீர்ந்தது. பிலிம் நுனி அடித்துக்கொண்டது. டப்... டப்... டப்...

துணியில் படம் போகவில்லை.

"நிறுத்தப்பா" என்றார் சென்னப்பன்.

"கையை எடுத்துட்டேன் சார்..."

கிர்ர்... கிர்ர்... அந்தச் சத்தம் நிற்கவில்லை.

படம் மெல்ல நகர்ந்தது. கௌரம்மா ஓரத்துக்கு வெளியே போய்விட்டாள். இருட்டு மட்டும். பிறகு அந்த ஓரத்தில் வேறொரு பக்கவாட்டு முகம் வந்தது. முக்காடு. பெஞ்சு.

நான்.

என் பின்னால் சித்தையன் தெரியவேண்டும். தெரியவில்லை. காலி இடம்.

சென்னப்பனின் பெஞ்சு உருண்டது. அவர் கதவைத் தேடி ஓடினார். பின்னாலேயே சித்தையன்.

நான் எழுந்திருக்கவில்லை.

கழுத்தில் குளிர்... திரும்பவில்லை.

"பாருங்கோ" என்றேன் உரக்க. "எவ்வளவு நாழி வேணுமோ பாருங்கோ. எவன் வெட்டறான்னு நானும் பார்க்கறேன்."

சத்தம் நின்றது.

அந்தக் காட்சியை யாரும் வெட்டவில்லை. சென்னப்பன் அந்தச் சுருளைத் தொடவே மறுத்துவிட்டார்.

படம் வெளிவந்த மறுவாரம் கௌரம்மா என்னைத் தேடி வந்தாள்.

"அம்மா, படத்துல என் பின்னாடி அத்தனை இருட்டு எப்படி வந்தது? அது எங்க வீட்டு சாமான் அறை. வெளிச்சத்துக்காகக் கூரை ஓட்டைப் பிரிச்சு உங்க வீட்டுக்காரர் படம் எடுத்தார். நோடி, பாருங்க, என் முதுகு சுவத்துல ஒட்டியிருந்தது. 'பின்னாடி கொஞ்சம் இடம் வேணுமே, இல்லையே'ன்னு அவரே அலுத்துக்கிட்டாரு."

அவளோடு போய்ப் பார்த்தேன். சுவரில் அவள் தலை சாய்ந்த இடத்தில் எண்ணெய்க் கறை இருந்தது. கையால் தட்டிப் பார்த்தேன். கருங்கல்.

அந்தச் சுவர் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.