பிரேசில் முனிராஜும் என் சந்தேகமும்

முனிராஜ் இறந்துவிட்டார் என்ற செய்தி நம் தொழிற்சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. காலை ஏழு மணி இருக்கும். நான் நம்பவில்லை. அந்தக் குழுவில் வாரத்துக்கு ஒருவரைச் சாகடிக்கிறார்கள். போன மாதம் உயிரோடு இருக்கிற ஒரு நடிகருக்கு எல்லோரும் வரிசையாகக் கும்பிடு போட்டார்கள். யார் அனுப்பியது, எங்கிருந்து வந்தது, படம் பழையதா என்றெல்லாம் பார்த்துவிட்டு முனிராஜின் எண்ணுக்கே போன் போட்டேன். அவர் எடுத்தால் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு வைத்துவிடலாம் என்று எண்ணம். மகள் பவித்ரா எடுத்தாள். "அப்பா போயிட்டாருங்க. நெஞ்சு வலின்னாரு, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..." என்றாள். அதற்குமேல் விசாரிக்க ஒன்றும் இல்லை.

என்னை உங்களில் பலருக்குத் தெரியும். சங்கத்துக்குப் பல வருடம் செயலாளராக இருந்தவன். நிர்வாகம் லட்டு கொடுத்தால் உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவேன். ஓசூரில் சங்கம் நடத்தியவனுக்கு இது புரியும். கேட்டில் திடீரென்று பூச்செடி வைத்தால் உள்ளே யாருக்கோ சீட்டு கிழியப்போகிறது. கான்டீனில் கேட்காமலே கோழி போட்டால் மறுநாள் போர்டில் நோட்டீஸ் தொங்கும். "நீங்க சாமி பிரசாதத்தக் கூட மோந்து பாத்துட்டுத்தான் திம்பீங்க" என்று என் வீட்டுக்காரி சொல்வாள். உண்மைதான். அப்படி இருந்ததால்தான் நம் ஷாப்பில் பலருடைய வேலை தப்பியது என்று இன்றும் மார் தட்டிக்கொள்வேன். ஆனால் முனிராஜ் விஷயத்தில் மார் தட்ட ஒன்றுமில்லை.

முனிராஜ் மெஷின் ஷாப்காரர். உத்தனப்பள்ளிப் பக்கத்து விவசாயக் குடும்பம். வீட்டில் தெலுங்கு, ஷாப்பில் தமிழ், சூப்பர்வைசரிடம் கன்னடம். நம் கம்பெனிக்கு பிரேசிலிலும் ஒரு தொழிற்சாலை உண்டு. புது மெஷின் லைன் வந்தபோது அதைக் கற்றுக்கொண்டு வர அவரை எட்டு மாதம் அங்கே அனுப்பினார்கள். அங்குள்ள தொழிலாளர்கள் சனிக்கிழமைதோறும் கூடிக் கொட்டு அடிப்பார்களாம். வேடிக்கை பார்க்கப் போனவர் கையிலும் ஒரு கொட்டைக் கொடுத்திருக்கிறார்கள். அப்படியே போர்ச்சுக்கீசும் வந்துவிட்டது. திரும்பி வந்த அன்று டீக்கடையில் சுற்றி நின்று, ஊர் எப்படி என்று கேட்டோம். "என்னா பெரிய ஊரு. நம்பளாட்டந்தான் பஸ்ஸுக்கு ஓடறாங்க, நம்பளாட்டந்தான் சூப்பர்வைசர திட்டறாங்க. என்ன ஒண்ணு, திட்டி முடிச்சிட்டு ஆடறாங்க" என்றார். அன்றிலிருந்து அவர் பிரேசில் முனிராஜ் ஆனார்.

அந்தக் கொட்டுக்குழுவை நிர்வாகமே நாடு நாடாக அனுப்பிக்கொண்டிருந்தது. எங்கெல்லாம் தொழிற்சாலை இருக்கிறதோ அங்கெல்லாம் ஒரு பிரேசில் கலை விழா. கொட்டு, ஆட்டம், சண்டை மாதிரியே இருக்கும் ஒரு நடனம், மரத்தில் செதுக்கி அச்சடித்த படங்களைக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்ட கண்காட்சி. அதை ஓசூருக்கும் வரவழைக்கலாம் என்று எச்.ஆரிடம் போய்ச் சொன்னவர் முனிராஜ். எச்.ஆர். உடனே தலையாட்டியது. எனக்கு அந்த உடனேதான் உறுத்தியது. கழிப்பறைக்கு ஒரு குழாய் கேட்டால் ஆறு மாதம் யோசிக்கிற ஆட்கள் அவர்கள். அப்போது என்ன பேச்சுவார்த்தை ஓடிக்கொண்டிருந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு ஆள் இரண்டு மெஷின் பார்க்க வேண்டும் என்று நிர்வாகம் ஒற்றைக்காலில் நின்றது. "பிரேசில்ல எல்லாம் ஒத்துக்கிட்டு ஓட்டறாங்க, உங்களுக்கு என்ன?" என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டார்கள். இரண்டிலும் பிரேசில் வருகிறதே என்று நான் முடிச்சுப் போட்டேன்.

முனிராஜைக் கூப்பிட்டுக் கேட்டேன். "யாரு சொல்லி இதப் பண்ற?"

"யாரு சொல்லணும்? கேக்க நல்லா இருக்கும், நம்ப ஆளுங்களும் கேக்கட்டும்னுதான்."

"நல்லா இருக்கும்னு ஒரு கம்பெனி இவ்ளோ செலவு பண்ணுமா?"

அவர் சிரித்தார். "சந்தேகம் வேணுந்தான் தலைவரே. ஆனா அதுக்கும் ஷிஃப்ட் மாத்தி உடுங்க. ஒரே ஆளு மேலயே எத்தன நாளைக்கு நிக்கும்?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மறுநாள் கேட் மீட்டிங்கில் மைக்கைப் பிடித்து, "கொட்டு அடிச்சுக் கூப்புடறாங்க, யாரும் போகாதீங்க. முனிராஜு இப்ப கம்பெனி ஆளு" என்றேன். பெயர் சொல்லியே சொன்னேன். நம் வட்டாரத்தில் கம்பெனி ஆள் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்று மதியம் கான்டீனில் அவர் தட்டோடு வந்து உட்கார்ந்த பெஞ்சிலிருந்து ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

யாரும் போகாதீர்கள் என்று சொன்ன நானே போனேன். வேவு பார்க்கத்தான். உத்தனப்பள்ளி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் அவர்களைத் தங்கவைத்திருந்தார்கள். விழாவுக்கு முந்தின நாள், பொழுது சாயும் நேரம். ஸ்கூட்டரைத் தள்ளி நிறுத்திவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டேன். நான் பார்க்க வந்ததைப் பார்த்தும்விட்டேன். பந்தி நடக்கும் கூடத்தில் முனிராஜும் உயரமான ஒரு பிரேசில்காரரும் தலையோடு தலை சேர்த்து ஒரு காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆள் விரலால் வரி வரியாகக் காட்ட, முனிராஜ் முகம் கறுத்துப்போய் இருந்தது. இரண்டு மெஷின் ஒப்பந்தத்தின் நகல்தான், வேறென்ன, என்று முடிவு கட்டினேன்.

அந்த நேரத்தில் வெளியே மைதானத்தில் கொட்டு ஆரம்பித்தது. இடுப்பில் கட்டித் தொங்கவிட்ட பெரிய கொட்டுகள், கூடவே இரும்பு மணி. அடி வயிற்றில் வந்து இடித்தது. ஊரில் ராகி முற்றிக் கிடந்த சமயம் அது. சானமாவுக் காட்டிலிருந்து யானைக் கூட்டம் எந்தப் பக்கம் இறங்குமோ என்று விவசாயிகள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். நம் பக்கத்தில் பொழுது சாய்ந்து இரும்புச் சத்தம் கேட்டால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். கால் மணி நேரத்தில் மூன்று கிராமம் திரண்டு வந்தது. டின், தகரம், டார்ச், வெடிக்கட்டு எல்லாம் கையில். "ஆனெ பந்தைதெ!" என்று, யானை வந்துவிட்டதாகக் கன்னடத்தில் ஒரு பக்கம், "எங்கடா, எத்தன?" என்று இன்னொரு பக்கம். டார்ச் வெளிச்சம் சுற்றிச் சுற்றி வந்து தொட்டிக்குப் பின்னால் என் மேல் விழுந்தது. "அதோ கருப்பா நிக்குது, குட்டி!" என்று ஒருவர் கத்தினார். வெடிக்குத் தீக்குச்சி கிழித்துவிட்டார்கள்.

முனிராஜ் உள்ளேயிருந்து ஓடிவந்தார். "ஐயையோ, வெக்காதீங்க! அது ஆன இல்ல, எங்க செகரட்டரி!"

அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பிரேசில்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. டின்னோடு வந்தவர்களைப் பார்த்து, உள்ளூர்க் குழுதான் சேர்ந்து அடிக்க வந்திருக்கிறது போல என்று கையைப் பிடித்து மைதானத்துக்கு இழுத்தார்கள். யானை விரட்ட வந்த தகரம் அரை மணி நேரம் அவர்களுடைய சாம்பா ஆட்டக் கொட்டோடு சேர்ந்து அடித்தது. கறுப்பு பீன்ஸும் சோறும் எல்லோருக்கும் கொடுத்தார்கள். "அவரக்காக் கொழம்பு, உப்புதான் பத்தல" என்று ஒரு பெரியவர் சான்றிதழ் கொடுத்தார். முனிராஜ் எனக்கும் ஒரு தட்டு கொண்டுவந்தார். "சாப்புடுங்க தலைவரே. ஒளிஞ்சு நின்னா காலு வலிக்கும், உள்ள வந்தே பாக்கலாமில்ல" என்றார். நான் தட்டை வாங்காமல் ஸ்கூட்டரை எடுத்தேன். அவமானமும் கோபமும் ஒன்றாகச் சேர்ந்திருந்தன.

விழா முடிந்து ஒரு வாரம் கழித்துச் சங்க அலுவலகத்துக்குத் தபாலில் ஒரு உறை வந்தது. அனுப்புநர் பெயர் இல்லை. உள்ளே, மண்டபத்தில் அவர்கள் படித்துக்கொண்டிருந்த அந்தக் காகிதத்தின் நகல். பிரேசில் தொழிற்சாலையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த நோட்டீஸ் அது. ஒவ்வொரு வரிக்கும் கீழே பேனாவால் தமிழ் எழுதியிருந்தது. ஓசூர் தொழிலாளர்கள் ஒருவருக்கு இரண்டு மெஷின் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், நீங்களும் போடுங்கள் என்று நிர்வாகம் அங்கே அறிவித்திருந்தது. நம்மிடம் பிரேசில் ஒத்துக்கொண்டது என்றும், அவர்களிடம் ஓசூர் ஒத்துக்கொண்டது என்றும் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு இடத்திலும் யாருமே ஒத்துக்கொள்ளவில்லை.

இந்த ஊரில் போர்ச்சுக்கீசு தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அனுப்பியது யார் என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனால் என் புத்தி எங்கே போனது பாருங்கள். நிர்வாகம்தான் முனிராஜை வைத்துப் பொய்க் காகிதம் அனுப்புகிறது, நான் அதைத் தூக்கிக் காட்டினால் என்னை மாட்டவைப்பார்கள் என்று நினைத்தேன். இருபது நாள் பீரோவில் பூட்டிவைத்தேன். பிறகு பெங்களூரில் அந்த மொழி படித்த ஒருவரைத் தேடிப் பிடித்துப் படிக்கச் சொன்னேன். அவரையும் சந்தேகப்பட்டு இன்னொருவரிடம் காட்டினேன். முனிராஜ் எழுதியதில் ஒரு சொல் கூடப் பிசகு இல்லை.

அடுத்த பேச்சுவார்த்தையில் அதை மேஜைமேல் வைத்தேன். மேனேஜர் பார்த்தார், தண்ணீர் குடித்தார், பத்து நிமிடம் வெளியே போய்விட்டு வருகிறோம் என்றார். இரண்டு மெஷின் பேச்சு அதற்குப் பிறகு எழவேயில்லை.

அந்த நிமிடமே எனக்கு விளங்கிவிட்டது, முனிராஜ் யார் பக்கம் என்று. அவருக்குக் கொட்டும் பிடித்திருந்தது, நம்மையும் பிடித்திருந்தது. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் மறுநாள் வெற்றிக் கூட்டத்தில் நான் என்ன பேசினேன்? சங்கத்தின் விழிப்பு என்றேன், செயலாளரின் சாமர்த்தியம் என்று மற்றவர்கள் சொன்னதைத் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டேன், "கொட்டு அடிச்சு நம்பள ஏமாத்தப் பாத்த கம்பெனி ஆளுங்களுக்கு இது பாடம்" என்று முடித்தேன். உண்மையைச் சொன்னால் காகிதத்தை வெளியே கொடுத்தவர் என்று முனிராஜை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள், அவரைக் காப்பாற்றத்தான் திட்டினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவரும் பிறகு டீக்கடையில் தனியாக மாட்டியபோது, "நல்லா திட்டறீங்க. அப்படியே திட்டிக்கினு இருங்க, எனக்கும் அதான் சேப்டி" என்று சிரித்தார். எதையும் சந்தேகப்படுகிற நான் அந்தக் காரணத்தை மட்டும் சந்தேகப்படவே இல்லை.

முனிராஜ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். இனி அவரை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குந்தாரப்பள்ளி தாண்டி ஒரு மண்டபத்தில் பவித்ரா கல்யாணம் நடந்தது. ஷாப்பில் எல்லோருக்கும் பத்திரிகை வைத்திருந்தார். போனது நானும் இன்னும் இருவரும். நமக்கென்று போட்டிருந்த இரண்டு வரிசை நாற்காலி கடைசி வரை காலியாகவே கிடந்தது. முனிராஜ் பன்னீர் சொம்போடு வாசலிலேயே நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆளனுப்பி இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் மணமேடைக்குப் போனார். நான் சாப்பிட்டேன், மொய் வைத்தேன், வந்துவிட்டேன். வெட்கமில்லாமல் பாயசம் கூட இரண்டாவது தடவை வாங்கிக் குடித்தேன்.

சாவு வீட்டில் பாடை கட்டிக்கொண்டிருந்தபோது பவித்ரா என்னைத் தனியே கூப்பிட்டாள். அழுது முகம் வீங்கியிருந்தது. "மாமா, ஒண்ணு கேக்கறன், மறைக்காம சொல்லுங்க. எங்கப்பா நெஜமாவே கம்பெனி ஆளா? கேட்டா சிரிப்பாரு, ஒண்ணுமே சொன்னதில்ல."

பெற்ற மகளும் அதைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறாள். "எடுக்க நேரமாச்சும்மா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். சங்கத்தில் அவரைப் பற்றி நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். யார் எழுதினாலும் நான் எழுதக் கூடாது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, நானே எழுதாமல் யார் எழுதுவது என்று உட்கார்ந்தேன்.

பவித்ரா, உங்கப்பா கம்பெனி ஆள் இல்லைம்மா. அந்தக் காகிதத்தை அனுப்பியது அவர்தான். இன்று நம் ஷாப்பில் ஒரு ஆள் ஒரு மெஷினோடு நிற்கிறார் என்றால் அது அவரால். அவரைக் கம்பெனி ஆள் என்றது நான், என் வாய்தான். தோழர்களே, நீங்கள் அவர் பெஞ்சிலிருந்து எழுந்தது என் பேச்சை நம்பித்தான். அந்தப் பேச்சைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெற்றிக் கூட்டத்தில் நான் அவரைக் குத்திப் பேசி முடித்ததும் ஒரு கணம் யாரும் கைதட்டவில்லை. அப்போது கேட்டுக்குப் பக்கத்தில், கடைசி ஆளாக நின்றிருந்த முனிராஜ்தான் முதலில் தட்டினார். அதைப் பார்த்துத்தான் எல்லோரும் தட்டினார்கள். அவர் பெயரை அவருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்தக் கைதட்டலை நான் வைத்துக்கொள்கிறேன்.