அன்னூர்த் தோட்டத்து உள்ளான்

இந்த 1936 தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் ராஜுவும் அன்னூர் போனது ஒரு சின்னப் பறவைக்காக. ராஜு எங்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் நடத்துகிறவர். நான் கணக்கு வாத்தியார். முன்பு அங்கே ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அதைப் பார்த்துவிட்டு, பொறி உள்ளான்தான் என்று அடித்துச் சொல்லியிருந்தேன். நான் சொன்ன அடையாளத்தைக் கேட்ட ராஜு, பச்சை உள்ளான் என்றார். சுட்டுக் கையில் எடுத்துப் பார்த்தால் தீர்ந்தது என்று துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டார். சுடாமலே தீர்த்துக் காட்டுகிறேன், மத்தியானம் வரை பொறுங்கள் என்றேன்.

காலை ஆறு மணிக்கு எங்கள் ஊரிலிருந்து சத்தியமங்கலம் போகும் பஸ். அன்னூருக்குப் பத்தொன்பது மைல், ஆளுக்கு ஆறணா. ஏழரைக்கு இறங்கி, கிளுவை வேலி ஓரமாக இரண்டு மைல் நடந்தால் ஆறுமுகக் கவுண்டர் தோட்டம். அவர் மாடு பூட்டிக் கவலை இறைத்துக்கொண்டிருந்தார். மாடுகள் சரிவில் இறங்க, கிணற்றிலிருந்து சால் ஏறி, தொட்டியில் தண்ணீரைக் கொட்டும். அங்கிருந்து ஓடும் வாய்க்காலின் முனையில் நம்மாள் தனியாக நின்றது. மைனாவை விடக் கொஞ்சம் சிறிசு, மேலே கருப்பு, கீழே வெள்ளை, ஓயாமல் ஆடும் வால். கூட்டம் சேராது. பனிக்காலத்தில் வடக்கிலிருந்து வந்து, வெயில் ஏறும்போது திரும்பிவிடும்.

நிற்கும்போது இரண்டு உள்ளானும் அண்ணன் தம்பி போலத்தான். பறக்கும்போது சிறகின் அடியைப் பார்க்க வேண்டும். வெளிறியிருந்தால் பொறி உள்ளான், கறுத்திருந்தால் பச்சை. நாங்கள் கிட்டே போனால் அடுத்த தோட்டத்துக்கே பறந்துவிடும். கவுண்டரிடம் யோசனை கேட்டேன்.

"ஏனுங்க, துப்பாக்கி எதுக்குங்க? சால் கொட்டறப்பப் பாருங்க. எந்திரிச்சுப் போட்டு, மறுக்கா அங்கயே வந்து உக்காரும். எங்களுக்குப் பழகுன உசுருங்க அது."

வாய்க்காலுக்கு இரு பக்கமும், வேலி மறைவில் ஆளுக்கொரு புறமாக உட்கார்ந்தோம். ராஜுவுக்கு எதிர்வெயில்; எனக்கு முதுகுப் பக்கம். சால் கொட்டியது, பறவை எழுந்தது. சிறகின் அடி கரி போலக் கறுத்திருந்தது. இன்னொரு சால், இன்னொரு சால். கருப்பேதான். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று.

கண் கூசி ஒன்றும் பிடிபடாத ராஜு, தோட்டாவைப் போட்டுக்கொண்டார். "ஒண்ணும் தெரியலீங்க. நீங்களும் வாயத் திறக்க மாட்டேங்கறீங்க. சுட்டுப் பாத்தரலாம்."

மாதக் கணக்கில் பொறி உள்ளான் என்றே சாதித்த வாய் எனக்கு. இருந்தாலும் அந்த வால் ஆடிக்கொண்டே இருந்தது.

"நீங்க சொன்னதுதான் சரிங்க. பச்சை உள்ளான். தோட்டாவை எடுத்துருங்க," என்றேன்.

எடுத்துவிட்டார். திரும்பும் பத்தொன்பது மைலும் தன் வெற்றியை விவரித்துக்கொண்டே வந்தார், முழுவதையும் கேட்டேன். வெட்கம் இருந்தது, வருத்தம் இல்லை.

போக நினைப்பவர்கள் மாசி முடிவதற்குள் போங்கள். ஒன்பது மணிக்கு முன்னால் வெயிலை முதுகில் வாங்கி உட்காருங்கள். கவுண்டர் மோர் கொடுப்பார், மறுக்காதீர்கள். பறவையின் பேர் விஷயத்தில் மட்டும் என்னை நம்ப வேண்டாம். சால் கொட்டும்போது நீங்களே பாருங்கள். அது இன்னும் அங்கேதான் நிற்கிறது.