பிக்னிக்காரங்க என்று ஒரு ஏச்சு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிக்கொண்டே வந்தேன். பேனாவை எடுப்பேன், சாமி படத்தைப் பார்ப்பேன், மூடி வைத்துவிடுவேன். படிப்பு எட்டாவதுதான். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆந்திர எல்லையில் எங்கள் நகரி, புத்தூர் பக்கம் ‘பிக்னிக்காரங்க’ என்றால் கைலாசகோனா அருவிக்கு மெட்ராஸிலிருந்து வேன் பிடித்து வருகிறவர்கள். காலையில் வருவார்கள், குளிப்பார்கள், புளிசாதம் துன்னுவார்கள், டிரான்சிஸ்டர் கேட்பார்கள், பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடுவார்கள். அவர்களால் ஒரு கெடுதலும் இல்லை. ஆனாலும் எங்களுக்குள் அது ஏச்சாகிவிட்டது. அடிக்கடி தாய்வீடு போகிற மருமகளை, “இன்னா, பிக்னிக் போய்ட்டு வந்தியா?” என்பார்கள். வேண்டுதல் இல்லாமல், வேலை இல்லாமல் இஷ்டத்துக்குச் சுற்றுகிறவர் யாரானாலும் அந்தப் பேர்தான்.

எழுபதுகளில் ஒரு புரட்டாசி. திருப்பதியில் மொட்டை போட்டுக்கொண்டு, நானும் என் வீட்டுக்காரியும் பஸ்ஸில் நகரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். மலைக்குப் போனால் யார் வீட்டு வாசலையும் மிதிக்காமல் நேராக வந்து நம் வீட்டில் விளக்கேற்ற வேண்டும். அது எங்கள் வழக்கம். வழியில்தான் வடமாலபேட்டை. அங்கே அவள் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தார்.

“ஒரு எட்டு பாத்துட்டு அடுத்த பஸ்ல போயிடலாங்க.”

“வெளக்கேத்திட்டு நாளைக்கு வரலாம்.”

“நாளைக்கு இருப்பாங்களோ இல்லியோ.”

“அதுக்காக? நடுவுல எறங்கினு ஏறினு போறதுக்கு நாம இன்னா பிக்னிக்காரங்களா?”

முன்சீட்டுக்காரர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. பஸ் நின்றதும் லட்டுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டாள்.

“நான் பிக்னிக்காரியாவே இருந்துட்டுப் போறேன். நீங்க போய் வெளக்கேத்துங்க.”

எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். கண்டக்டர் தெலுங்கில், “சாமி, திகுதாரா லேதா?” என்றார். இறங்கவில்லை என்று தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து விளக்கேற்றினேன். சுடர் நன்றாகத்தான் நின்றது, என்னால்தான் நிற்க முடியவில்லை. சாமி படத்துக்கும் வாசலுக்குமாக நடந்தேன். கோவிந்தா என்று சொல்லிப் பார்த்தேன், பாதியில் விட்டுவிட்டேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் ஓடினேன். மாமியார் போய்விட்டிருந்தார்.

“லட்டுல ஒரு துணுக்கு நாக்குல வெச்சேன். மாப்ள எங்கன்னாங்க. வெளக்கேத்தப் போயிருக்காருன்னேன்” என்றாள் என் வீட்டுக்காரி. அதற்குமேல் இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இப்போது எங்கள் உறவுக்காரர்கள் இதை வேறு மாதிரி சொல்கிறார்கள். நான்தான் அவளைப் போகச்சொல்லி இறக்கிவிட்டேனாம், அவ்வளவு பெரிய மனசாம். நானும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். பெருமாளுக்குத் தெரியும். நீங்கள் யாருக்காவது இதைச் சொல்வதானால் மாற்றாமல் சொல்லுங்கள்: அவளாகத்தான் இறங்கினாள். நான் இறங்கவில்லை.